கூப்பன்காரி கொடுத்த அன்னதானம்

1

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் பிள்ளையார் கோவிலின் மூன்றாம் திருவிழா அன்று பந்தியில் இருந்து வயிறாறச் சாப்பிட்டவர்கள் சிலராவது இதை வாசிப்பீர்கள். "இன்றைய அன்னதான உபயம், அமரர் கந்தையா குடும்பத்தினர், அமெரிக்கா" என்று ஒலிபெருக்கியில் மூச்சுவிடாமல் சொன்னார்களே, அந்த அமெரிக்காக்காரி நான்தான். பூசணிக்காய்க் கறி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

அன்று காலையில் அந்த அமெரிக்காக்காரி சாப்பிட்டது பாணும் சம்பலும். அந்தப் பாணை நான் அரசாங்கம் கொடுத்த சாப்பாட்டு அட்டையைத் தேய்த்து வாங்கியிருந்தேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இங்கே அரசாங்கம் ஓர் அட்டை தரும். மாதாமாதம் அதில் பணம் விழும். அரிசி, பருப்பு, பால், மரக்கறி வாங்கலாம். காசாக எடுக்க முடியாது. இங்குள்ளவர்கள் அதற்கு ஏதேதோ பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது கூப்பன். சங்கக்கடையில் கூப்பன் காட்டி வரிசையில் நின்ற ஊர்க்காரிக்கு வேறு என்ன பெயர் வாயில் வரும்?

நியூ ஜேர்சிக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கூப்பன் தேவைப்படவில்லை. இவர் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை, இன்றைக்கும் அங்கேதான். பிறகு இவருக்கு முதுகெலும்பு விலகிப் போனது. இப்போது பெற்றோல் நிலையம் ஒன்றில் கதிரையில் இருந்து பார்க்கும் வேலை, அதுவும் அரை நேரம். ஒரு சம்பளம் வாடகைக்குப் போனால் அடுத்தது எதற்கும் காணாது. விண்ணப்பித்தது மகள் அபிரா. நான் பயந்து பயந்து கையெழுத்து மட்டும் வைத்தேன்.

2

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்று சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. அங்கேயும் இந்த அட்டை செல்லும் என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் அங்கே அட்டையை எடுத்ததில்லை. பஸ் ஏறி, நம்மவர்கள் யாரும் வராத ஊரில் இருக்கும் பெரிய கடைக்குப் போவேன். அங்கேயும் நிம்மதி கிடையாது. சவர்க்காரம், கற்பூரம், கழுவும் தூள் எதற்கும் அட்டை செல்லாது. ஆகவே காசாளரின் முன்னால் சாமான்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் உடனே விளங்கிவிடும்.

ஒரு நாள் அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. பிள்ளையாரே! தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பார்த்த மனுசி மாதிரியே இருந்தது. ட்ரொலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசியும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கைத்தொலைபேசியில் யாருடனோ தெலுங்கில் கதைத்துக்கொண்டு போனாள். அன்றிரவு எங்கள் வீட்டில் வெறும் பருப்புத்தான்.

என் மகளுக்கு இந்தப் பயம் துளியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எல்லாம் இந்த அட்டையைக் காட்டித்தான். "அம்மா, நீங்கள் வரி கட்டுறீங்கள். இது உங்கடை காசு. ஏன் கள்ளர் மாதிரி ஒளிச்சுத் திரியிறீங்கள்?" என்று கேட்பாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என் அப்பா கந்தையரின் பேத்தி சிநேகிதிகளோடு சிரித்துக் கதைத்தபடி இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறாள். அவளைப் பார்த்தும் எனக்குப் பயம்.

3

அப்படியானால் அன்னதானம் கொடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

எங்கள் கோவிலில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் திருவிழா அப்பாவின் அப்பா காலத்திலிருந்து எங்களுடையது. அப்பா இருந்த வரைக்கும் செய்தார். அவர் போன பிறகு, ஊரில் இருக்கும் என் தங்கச்சி வசந்தி வெறும் பூசையும் பொங்கலுமாக இழுத்துப் பிடித்தாள். அவளுடைய புருஷன் செல்வன் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தப் போகிறவர். இரண்டு பிள்ளைகள். அவர்கள் எப்படி மேளமும் அன்னதானமும் செய்வது?

போன வருஷம் கோவில் தர்மகர்த்தா என்னோடு தொலைபேசியில் கதைத்தார். தன்மையான மனுசன். "பிள்ளை, உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, சுவிஸிலை இருந்து ஒராள் மூண்டாம் திருவிழாவைக் கேக்கிறார்" என்றார். அவ்வளவுதான். என் தலைக்குள் விசர் ஏறிவிட்டது. எங்கள் திருவிழாவைச் சுவிஸ்காரரோ? அப்பாவின் பெயர் நோட்டீஸில் இருந்து போவதோ?

"ஏன் ஏலாது ஐயா? அன்னதானமும் சேர்த்துச் செய்வம்" என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிட்டது, மூளை பிறகுதான் விழித்தது. கலியாணத்துக்குப் போட்ட காப்பு இரண்டையும் நகைக்கடையில் விற்று அனுப்பினேன். விற்றுவிட்டு வரும்போதே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. காப்பு விற்ற காசும் வருமானமோ? அதையும் கூப்பன் கந்தோருக்குச் சொல்ல வேணுமோ? அன்னதானத்தைக் காணொளியாக எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள், என் பெயரோடு. கந்தோரில் யாராவது பார்த்துவிட்டால்?

"அம்மா, கவுண்டி ஒபீசிலை இருக்கிற ஒருத்தரும் கோப்பாய் பிள்ளையார் கோயில் வீடியோ பாக்கமாட்டினம்" என்றாள் அபிரா.

கந்தோரில் யாரும் பார்க்கவில்லைத்தான். கோப்பாயில் பார்த்தார்கள்.

4

ஒரு காலை வேலைக்கு வெளிக்கிடும்போது வசந்தியின் குரல் பதிவு வந்தது. அழுது முடித்த குரல்.

"அக்கா, எங்கடை அஸ்வெசுமக் காசுக்கு ஆட்சேபனை போட்டிருக்கினம். அமெரிக்காவிலை இருந்து அன்னதானம் குடுக்கிற குடும்பத்துக்கு ஏன் அரசாங்கக் காசெண்டு எழுதிக் குடுத்திருக்கினம். விதானையார் விசாரணைக்கு வரச்சொல்லியிருக்கிறார். காசை நிப்பாட்டினால் நான் இதுகளுக்கு என்னத்தைக் குடுப்பன்?"

விதானையார் என்றால் கிராம அலுவலர். ஊரில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் அந்த உதவியை ஒரு காலம் முத்திரை என்றார்கள், பிறகு சமுர்த்தி என்றார்கள், இப்போது அஸ்வெசும என்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வசந்தி வீட்டில் அரிசியும் மாவும் வருவது அந்தக் காசில்தான். செல்வனுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. அதை நிற்பாட்டினால் பிள்ளைகள் பட்டினி. இதில் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை.

ஆட்சேபனை போட்டது யார் என்று கேட்டேன். ராசாத்தி அக்கா என்றாள். வசந்தியின் பக்கத்து வளவில் இருப்பவர். புருஷனை இழந்தவர். அவருடைய பெயர் அஸ்வெசுமப் பட்டியலில் வரவில்லை. மேன்முறையீடு போட்டும் சரிவரவில்லை. பந்தியில் இருந்து எங்கள் அன்னதானத்தைச் சாப்பிட்டு, வீட்டுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போனவர். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட கை காயவில்லை, அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று கத்தினேன்.

"அக்கா, அவவும் பாவம். அவவுக்கும் ஒண்டும் இல்லை. அவ பாக்கிறதுக்கு நாங்கள் அமெரிக்காக் குடும்பம்தானே" என்றாள் வசந்தி. பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்த மாதிரி, அந்த மாட்டை அவிழ்த்து விட்டவளும் நானே.

"விதானையார் உன்னோடை வீடியோவிலை கதைக்கவேணுமாம் அக்கா. நீ எங்களுக்கு மாசாமாசம் காசு அனுப்புறனீயோ எண்டு கேப்பாராம். அனுப்புறேல்லை எண்டு சொல்லு, காணும்."

காணுமா? அது மட்டும் போதுமா? அன்னதானம் கொடுத்த அமெரிக்காக்காரி, கூடப்பிறந்தவளுக்குக் காசு அனுப்புவதில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்ப வைக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது என் கைப்பைக்குள், பஸ் அட்டைக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

5

விசாரணை வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது கொடிகாமம் ஞாபகம் வந்தது.

சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு வளவுக்குள் இருந்த காலம். நிவாரணம் எடுக்க என்னையும் வசந்தியையும் அனுப்புவார்கள். நான் கூப்பனைப் பிடித்திருப்பேன், அவள் உரப்பையைப் பிடித்திருப்பாள். அப்பா எங்களோடு வருவார், ஆனால் நிவாரணம் கொடுக்கும் சங்கக்கடைவரைக்கும் வரமாட்டார். தெரு திரும்பும் ஒழுங்கை முடக்கில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்க்கிற மாதிரி நிற்பார். நாங்கள் பையை இழுத்துக்கொண்டு முடக்குக்கு வந்த பிறகுதான் தூக்கிச் சைக்கிளில் வைப்பார். மூன்றாம் திருவிழா உபயகாரர் நிவாரண வரிசையில் நிற்கலாமோ? வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களும் ஏதோ ஒரு திருவிழாவின் உபயகாரர்கள்தான். அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஏலாமல் இருந்தது அந்த மனுசனுக்கு.

நானும் நியூ ஜேர்சியில் ஒரு முடக்கில்தான் நிற்கிறேன் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனாலும் பயம் போகவில்லை. விளங்கினால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது?

அட்டையைக் காட்டப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். முதுகுப் பட்டியைத் தளர்த்தினார். பிறகு, "சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். என்ரை தமையன் குடும்பத்துக்கும் தெரியும்" என்றார். "ஓம், தெரியும்" என்றேன். "ஊர்வாயை மூட உலைமூடி இல்லை" என்றார். சம்மதமா மறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் விசாரணை நாள் காலையில் எனக்கு முன்னம் எழும்பி எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தார்.

6

அங்கே பின்னேரம், இங்கே விடிந்தும் விடியாத நேரம். அபிரா கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திரையில் விதானையாரின் கந்தோர் விறாந்தை தெரிந்தது. விதானையார் வயதில் என்னைவிடச் சின்னவர். பக்கத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர். ஓரக் கதிரையில் வசந்தி, முகம் வீங்கிப்போய். எதிரே ராசாத்தி அக்கா, வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து மூடியபடி. பின்னால் தங்கள் அலுவலாக வந்த சனம் எட்டி எட்டிப் பார்த்தது.

"வணக்கம் அக்கா. குறை நினையாதேங்கோ, எங்கடை கடமை, கேக்கத்தான் வேணும்" என்றார் விதானையார். "தங்கச்சி குடும்பத்துக்கு மாசாமாசம் காசு அனுப்புறனீங்களோ?"

"இல்லைத் தம்பி. தீபாவளி, வருஷப்பிறப்புக்கு ஏலுமெண்டால் கொஞ்சம். அதுவும் எல்லா வருஷமும் இல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ராசாத்தி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்குச் சோறு போடக் காசிருக்கு, கூடப்பிறந்தவளுக்கு அனுப்பக் காசில்லையாமோ? உதை நாங்கள் நம்பவேணுமோ?"

கேட்டதில் பிழை இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நான் அட்டையை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தேன். வெளிச்சம் பட்டு அது அங்கே ஒழுங்காகத் தெரியவில்லை. அபிரா என் மணிக்கட்டைப் பிடித்து அட்டையைச் சரித்தாள். விதானையார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதென்ன அக்கா, பாங்க் கார்ட்டோ?"

காட்டினால் போதும், சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். வாயால்தான் சொல்ல வேண்டி வந்தது. அபிரா மெதுவாக, "அம்மா, சொல்லுங்கோ" என்றாள்.

"இது கூப்பன் தம்பி. நாங்கள் இஞ்சை கூப்பனிலைதான் சாப்பிடுறம். இவருக்கு முதுகு ஏலாது. என்ரை சம்பளம் காணாது. இந்த அரசாங்கம் தாற கூப்பன் இல்லாட்டி எங்கடை வீட்டிலை உலை வைக்க வழியில்லை."

பின்னால் நின்ற சனம் திரைக்குக் கிட்ட வந்தது.

"அமெரிக்காவிலையோ?" என்றார் விதானையார்.

"ஓம் தம்பி. அமெரிக்காவிலைதான்."

"அப்ப அன்னதானம்?" அதைக் கேட்டது வசந்தி.

நான் வெறும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு அந்தக் காப்புகளைத் தெரியும். என் கலியாணத்தன்று அவற்றைப் போட்டுவிட்டவளே அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் குனிந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, விதானையார் இருக்கிறார், சனம் நிற்கிறது என்றும் பாராமல் கத்தினாள்.

"ஒவ்வொரு தரம் கோல் எடுக்கேக்கையும் சாப்பிட்டியோ எண்டு கேட்டனான் அக்கா! நீ ஓம் ஓம் எண்டனீ! ஒரு நாளாவது சொன்னனீயோ?"

ராசாத்தி அக்கா எழுந்து வந்து வசந்திக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதடி பிள்ளை, சத்தியமாத் தெரியாது" என்று வசந்தியிடம் சொன்னார். உத்தியோகத்தர் எதையோ எழுதினார். விதானையார் தொண்டையைச் செருமி, "சரி அக்கா, நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ" என்றார். திரை அணைந்த பிறகு நான் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். இவர் வந்து, குனிய ஏலாத முதுகோடு, என் தோளில் கை வைத்தார்.

வசந்தியின் காசை நிற்பாட்டவில்லை. ராசாத்தி அக்காவுக்கும் திரும்ப விண்ணப்பிக்க விதானையார் உதவி செய்கிறாராம், இன்னும் முடிவு வரவில்லை. ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷத் திருவிழாவைச் சுவிஸ்காரரோடு சேர்ந்து செய்யலாம் என்று தர்மகர்த்தாவுக்குச் சொல்லிவிட்டேன். சேர்ந்தே செய்யட்டும்.

7

போன கிழமை, ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் வசந்தி பார்சல் கொடுத்துவிட்டிருந்தாள். வழமையாக மிளகாய்த்தூள் மட்டும்தான் வரும். அமெரிக்காவில் என்ன இல்லை என்பது அவளுடைய நினைப்பு. இந்த முறை பார்சல் பாரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் வறுத்த சிவப்பரிசி மா, பெரிய பொதி. "அக்கா, காசு வந்த உடனை அரிசி வேண்டி இடிச்சனான். வறுத்தது ராசாத்தி அக்கா. புட்டு அவிச்சுச் சாப்பிடு" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

தன் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திருப்பி அனுப்பவும் ஏலாது. மாவைத் தகரப்பேணியில் கொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இன்று காலை எங்கள் கூப்பனைப் புதுப்பிக்கும் நேர்காணல். தொலைபேசியில்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் பிழையாகப் போனால் அட்டை போய்விடும் என்ற பயம். கந்தோர்ப் பெண் கேட்கக் கேட்க, அபிரா தமிழில் சொல்லச் சொல்ல, நான் பதில் சொன்னேன். வாடகை, சம்பளம், இவருடைய முதுகு. பிறகு வழமையான அந்தக் கேள்வி வந்தது. வீட்டுக்கு வெளியே இருந்து யாராவது உங்களுக்குச் சாப்பாட்டு உதவி செய்கிறார்களா?

எல்லா முறையும் "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாய் திறந்தேன். கண் தகரப்பேணியில் போய் நின்றது.

"ஓம். என்ரை தங்கச்சி."

அபிரா தொலைபேசியைக் கையால் பொத்தினாள். "அம்மா, என்ன விசர்க் கதை? அது ஒரு பொதி மா! நீங்கள் உப்பிடிச் சொன்னால் கூப்பனை வெட்டிப்போடுவினம்!" அட்டைக்காக அவள் பயந்ததை இன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தேன்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் "சொல்லு" என்றேன்.

சொன்னாள். மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. என்ன தருகிறார் என்று கேட்டார் அந்தப் பெண். இலங்கையிலிருந்து அரிசி மா என்றோம். பரவாயில்லை, அதையெல்லாம் நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார். மூச்சு வந்தது. பிறகு அந்தப் பெண், கேள்வித்தாளில் இல்லாத கேள்வி ஒன்றைச் சும்மா ஆவலில் கேட்டார். "அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்புகிறாரே, உங்கள் தங்கச்சி நல்ல வசதியானவரா?"

அபிரா அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அவளும் கூப்பன்தான் எண்டு சொல்லு."

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. தொலைபேசியை நெஞ்சோடு பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.